900 அடியில் இருக்கும் தண்ணீர் 10 அடிப் பள்ளத்துக்கு எப்படி வந்தது?

கேள்வி: கிருஷ்ணகிரி பழையபேட்டையில் புளி மண்டி வைத்திருக்கிறோம். கீழே 10 அடி ஆழத்தில் அண்டர்கிரவுண்டு குடோன், மேலே கடை, அதற்கு மேலே வீடு. 18 வருடத்துக்கு முன் அப்பா கட்டியது. குடோன் சுவர் கருங்கல், தரை 4 அங்குல கான்கிரீட். ஐப்பசி மழை பிடித்தால் சுவரும் தரையும் சேரும் இடத்தில் தண்ணீர் கசிகிறது. சுவரில் 3 அடி உயரத்துக்கு உப்புப் பூக்கிறது. இரண்டு தடவை வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தோம், ஆறே மாதத்தில் உரிந்துவிட்டது. தரையைக் கெட்டியாகப் பூசி டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. கடைச் சுவரின் அடிப்பகுதியும் பொரிகிறது. எங்கள் போர்வெல்லில் 900 அடிக்குக் கீழேதான் தண்ணீர். பிறகு குடோனுக்கு எங்கிருந்து வருகிறது?

பதில்: டைல்ஸ் வேலையை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

போர்வெல்லில் வருவது பாறை இடுக்குகளில் ஆழத்தில் தங்கிய தண்ணீர். குடோனில் கசிவது நேற்றோ போன வாரமோ பெய்த மழை. நம் மாவட்டத்தில் பல இடங்களில் மேலே கொஞ்சம் செம்மண், அதன் கீழே சுக்காம்பாறை எனும் உதிரும் பாறை, அப்புறம் கெட்டிப்பாறை. மண்ணில் இறங்கும் மழைநீர் கெட்டிப்பாறையைத் தொட்டதும் கீழே போக வழியில்லாமல் பாறையின் சரிவைப் பார்த்துப் பக்கவாட்டில் நகரும். உங்கள் குடோன் அந்தப் பாறையில் வெட்டிய தொட்டி மாதிரி. சுவர் எழுப்பிய பிறகு, சுற்றிலும் இருந்த இடைவெளியில் உடைந்த செங்கல், கலவைக் கழிவு, தளர்ந்த மண் என்று கையில் கிடைத்ததைப் போட்டு மூடியிருப்பார்கள். அநேகமாக எல்லா இடத்திலும் இதுதான் நடக்கிறது. நகரும் தண்ணீர் அந்தத் தளர்ந்த மண்ணுக்குள் வந்து நின்றுவிடும். சுவரைச் சுற்றி ஒரு அகழி இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த அகழியை நிரப்புவது பெரும்பாலும் உங்கள் வீட்டு மொட்டை மாடிதான். 1,200 சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 5,500 லிட்டர் இறங்கும். மாடிக் குழாய் எங்கே கொட்டுகிறது என்று முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் கட்டடத்திலும் அதற்கான குழி இருக்க வேண்டும். இட நெருக்கடியில் அந்தக் குழியைக் குடோன் சுவரை ஒட்டியே தோண்டியிருப்பதைப் பல கட்டடங்களில் பார்த்திருக்கிறேன். மழைநீரைச் சேகரிப்பது மிக அவசியம், ஆனால் குழி சுவரிலிருந்து குறைந்தது 10 அடியாவது தள்ளி, பாறைச் சரிவின் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும்.

கோடையிலும் கசிவு நிற்கவில்லை என்றால் சம்ப், கழிவுநீர்க் குழாய் இரண்டையும் சந்தேகப்படுங்கள். இரவு சம்ப்பை நிரப்பி, வால்வுகளை எல்லாம் மூடி, தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, காலையில் பாருங்கள். கழிவுநீர் தொட்டியில் கேசரி பவுடரைக் கரைத்து ஊற்றியும் பார்க்கலாம். குடோனில் நிறம் வந்தால் கழிவுநீர்க் கசிவு உறுதி. வராவிட்டால் இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் மண் நிறத்தை வடிகட்டிவிடும்.

சரி, டைல்ஸ் ஏன் வேண்டாம் என்கிறேன்? தரைக்குக் கீழே 1 அடி உயரத்துக்குத் தண்ணீர் அழுத்தம் இருந்தால் சதுர அடிக்கு 28 கிலோ மேல்நோக்கித் தள்ளும். உங்கள் 4 அங்குல கான்கிரீட்டின் சொந்த எடை சதுர அடிக்கு 22, 23 கிலோதான். இப்போது ஓரத்தில் கசிவதால் அழுத்தம் தணிந்துகொண்டே இருக்கிறது. அந்த ஓரத்தையும் இறுக்கி அடைத்தால் தரை விரியும், அல்லது தண்ணீர் சுவரில் இன்னும் மேலே ஏறும். தர்மபுரியில் ஒரு ஜவுளிக் கடையின் குடோனில் இப்படி டைல்ஸ் ஒட்டி ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. நாணயத்தால் தட்டினால் வரிசை வரிசையாக டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். ஒன்றைப் பெயர்த்தபோது அடியில் கட்டைவிரல் கனத்துக்குத் தண்ணீர் நின்றது. அதே காரணத்தால்தான் உங்கள் பெயிண்டும் உரிந்தது. வெளியே அடித்திருந்தால் தண்ணீரே அதைச் சுவரோடு அழுத்தி வைத்திருக்கும். உள்ளே அடித்ததால் பின்னாலிருந்து தள்ளிவிட்டது.

ஆகவே முதலில் தண்ணீருக்கு வழி, அப்புறம்தான் அடைப்பு. இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள்.

வெளியே தோண்ட முடிகிற பக்கங்களில், சுவரை ஒட்டிப் பகுதி பகுதியாகப் பள்ளம் எடுங்கள். ஒரே நேரத்தில் முழு நீளத்தையும் திறந்தால் கருங்கல் சுவருக்கு ஆபத்து, பொறியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும். சுவரைக் கழுவி, இடுக்குகளை அடைத்துப் பூசி, வாட்டர்ப்ரூஃப் பூச்சு கொடுத்து, அடியில் துளையிட்ட பி.வி.சி. குழாயைச் சரிவாகப் பதியுங்கள். குழாயைச் சுற்றி ஜல்லி, ஜல்லியைச் சுற்றி, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி. துணி இல்லாவிட்டால் நாலைந்து வருடத்தில் மண் புகுந்து அடைத்துவிடும். ஜல்லிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை, கஞ்சத்தனம் வேண்டாம். மேல் ஒன்றரை அடிக்குக் களிமண் போட்டுக் கெட்டித்து, அதன்மேல் 3 அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் ஒரு அங்குலம் சரியும்படி கான்கிரீட் போடுங்கள்.

பழையபேட்டையில் இரண்டு பக்கமாவது அடுத்தவர் சுவரோ தெருவோ இருக்கும். அந்தப் பக்கங்களுக்கு உள்ளேயிருந்துதான் வைத்தியம். பழைய பூச்சைக் கல் தெரியும்வரை உடைத்தெடுங்கள். கல் இடுக்குகளை இரண்டு அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டி 1:3 சிமென்ட், மணல் கலவையால் அடைத்து பாயிண்டிங் செய்யுங்கள். உள்ளே வெற்றிடம் இருந்தால் சிமென்ட் பால் ஏற்றி நிரப்ப வேண்டும். சுவரடியில் சில துளைகளை வேண்டுமென்றே விட்டு, ஓரமாக 4 அங்குல வாய்க்கால் வெட்டி, ஒரு மூலையில் இரண்டரை அடி ஆழக் குழி எடுத்து, தானாக ஓடி நிற்கும் சின்ன மோட்டார் வையுங்கள். அது வெளியேற்றும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. தொடர்ந்து கலங்கலாக வந்தால் அஸ்திவாரத்து மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம், உடனே பொறியாளரைக் கூப்பிடுங்கள். கான்கிரீட்டுக்குள் படிகமாக வளரும் கிரிஸ்டலைன் பூச்சை யாராவது சிபாரிசு செய்தால், அது கான்கிரீட் சுவருக்கான மருந்து. வெறும் கருங்கல்லில் அதற்கு வேலையில்லை.

உப்பு பற்றி ஒரு வார்த்தை. சுவரில் பஞ்சு போல நிற்கிறதே, அதைத் துடைத்துவிட்டுப் பூசினால் போதாது. உப்பேறிய பூச்சு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். கசிவு நின்ற பிறகும் மழை நாளில் சுவர் வியர்க்கும். உப்புக் கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி வரை பழைய பூச்சு முழுக்கப் போக வேண்டும். புதுப் பூச்சுக்குப் போர்த் தண்ணீரைப் பரிசோதிக்காமல் கலக்காதீர்கள். கம்பி இல்லாத கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 2,000 மி.கி., கம்பி போட்டதற்கு 500 மி.கி. தாண்டக்கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 விதி. சந்தேகமாக இருந்தால் குழாயில் வரும் குடிநீரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைச் சுவர் பொரிவது வேறு நோய். நம் ஊரில் பேஸ்மட்டம் என்று சொல்லும் அடிமட்டத்துக்கு மேலே ஓதம் ஏறாமல் தடுக்கும் டி.பி.சி. படலம் இருக்க வேண்டும். ரோடு மேல் ரோடு போட்டு வாசல் மண் அந்தப் படலத்தைத் தாண்டிவிட்டால் ஈரம் பக்கவாட்டில் புகுந்து ஏறும். வாசல் மண்ணை அரையடி கீழே இறக்க முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முடியாவிட்டால் தரைக்குச் சற்று மேலே வரிசையாகத் துளையிட்டு, ஈரம் ஏறாமல் தடுக்கும் சிலேன் வகை மருந்து ஏற்றலாம். கிரானைட் இங்கே எளிதில் கிடைக்கிறது என்று பொரிந்த அடிப்பகுதியை மறைத்து ஒட்டிவிடாதீர்கள். மூச்சு விட இடமில்லாத ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறி, கிரானைட்டுக்கு மேலே பொரியும்.

வேலையைத் தை பிறந்ததும் தொடங்கிப் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள், சித்திரையில் கோடை மழை வந்துவிடும். பட்டியும் பெயிண்டும் அவசரமில்லை. சுவர் கனத்தில் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது ஈரம் காய்வதற்கான பழைய கணக்கு.

அதுவரை புளி மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, அரையடி உயர மரச் சட்டத்தின் மேல் அடுக்குங்கள். மழை பெய்யும்போது காற்றாடட்டும் என்று குடோன் கதவைத் திறந்து வைக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த கல்லில் பட்டு நீராகும், புளி அதையும் சேர்த்துக் குடிக்கும். வெயில் அடிக்கிற மதியங்களில் மட்டும் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடுங்கள்.