வாசகர் கேள்வி – பதில்: ரூட்டிங் ஸ்விட்சர் வாங்குவதற்கு முன்

கேள்வி: சிங்கப்பூரின் ஊபியில் உள்ள ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் சிறிய ஒளிப்பதிவுக் கூடம் நடத்தி வருகிறோம். எங்களிடம் 4 கேமராக்கள், 3 பதிவுக் கருவிகள், 2 கணினிகள், 8 உள்ளீடுகள் கொண்ட ஒரு வீடியோ மிக்ஸர் ஆகியவை உள்ளன. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி கேபிள்களைக் கழற்றி மாட்டுவது பெரும் தொல்லையாக இருக்கிறது. 12 உள்ளீடும் 12 வெளியீடும் கொண்ட ரூட்டிங் ஸ்விட்சர் (சுருக்கமாக ரூட்டர்; கேபிளைத் தொடாமலே எந்தக் கருவியின் படத்தையும் எந்தக் கருவிக்கும் திருப்பிவிடும் பெட்டி) போதுமென்று விற்பனையாளர் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், அங் மோ கியோ

பதில்: விற்பனையாளர் உள்ளீடுகளை மட்டும் எண்ணியிருக்கிறார் என்று தோன்றுகிறது. நீங்கள் குறிப்பிட்ட ஒன்பது கருவிகளோடு மிக்ஸரின் இரண்டு வெளியீடுகளையும் சேர்த்தால் 11 உள்ளீடுகள் ஆகின்றன. ஆனால் ரூட்டரில் முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் வெளியீடுகள்தாம். மிக்ஸருக்கு 8, பதிவுக் கருவிகளுக்கு 3, பல படங்களை ஒரே திரையில் காட்டும் மல்டிவியூவருக்கு 4, மேசைத் திரைகளுக்கு 2 என்று கூட்டினாலே 17 வந்துவிடுகிறது. ரூட்டர் பழுதானாலும் நேரலை நிற்கக்கூடாது என்பதற்காகக் கேமராக்களின் சிக்னலைப் பிரித்து மிக்ஸருக்கு நேரடியாகவும் கொடுப்பதையே நான் விரும்புவேன். அப்படிச் செய்தாலும் 13 வெளியீடுகள் தேவைப்படும். எனவே 20×20 அளவுக்குக் குறைவாக வாங்க வேண்டாம். எந்தக் கருவி எந்த எண்ணில் இணைகிறது என்ற அட்டவணையை முதலில் தாளில் எழுதி, அதே எண்களைக் கேபிளின் இரு முனைகளிலும் ஒட்டுங்கள்.

அடுத்தது நேர ஒத்திசைவு. பலரும் இதைக் கடைசி வாரத்தில்தான் நினைத்துப் பார்க்கிறார்கள். ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது காட்சி துள்ளாமல் இருக்க வேண்டுமானால், மாற்றம் இரு பிரேம்களுக்கு (தனிப்படங்களுக்கு) இடைப்பட்ட வெற்று நேரத்தில் நிகழ வேண்டும். 1080 வரி வடிவங்களில் அதற்குரிய இடம் 7ஆவது வரி. அந்தக் கணம் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக அமைய, நேரத் துடிப்பை அனுப்பும் ஒரே சிங்க் ஜெனரேட்டரின் சிக்னலைக் கேமராக்களுக்கும் ரூட்டருக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும். கணினியின் எச்டிஎம்ஐ வெளியீடு பொதுவாக இப்படிக் கட்டுப்படாது என்பதால், பிரேம் சிங்க் (வரும் படத்தைப் பொது நேரத்துக்குப் பொருத்தும்) வசதியுள்ள கன்வெர்ட்டர் வழியாக அதை எஸ்டிஐக்கு (ஒளிபரப்புக் கருவிகள் பயன்படுத்தும் வீடியோ சிக்னல் முறை) மாற்றுங்கள். சாதாரண ரூட்டர் வடிவத்தை மாற்றாது, வருவதை அப்படியே அனுப்பும் என்பதையும் மறவாதீர்கள். சிங்கப்பூர்த் தொலைக்காட்சி 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை படம் புதுப்பிக்கப்படும்) மரபைச் சேர்ந்தது. ஒரு கணினி மட்டும் 60இல் ஓடினால் அந்தப் படத்தை மிக்ஸர் ஏற்காமல் போகலாம்.

கேபிளில் சிக்கனம் வேண்டாம். எச்டி சிக்னலின் வேகம் நொடிக்கு 1.485 கிகாபிட், 3ஜி எஸ்டிஐக்கு 2.97, 4கே படத்துக்கான 12ஜி எஸ்டிஐக்கு 11.88. வேகம் கூடக் கூட, அதே கேபிள் சிக்னலைத் தாங்கிச் செல்லும் தூரம் குறையும். இன்று 3ஜி ரூட்டர் வாங்கினாலும், 12ஜிக்குத் தகுதியான 75 ஓம் கேபிளையும் பிஎன்சி எனப்படும் திருகிப் பூட்டும் முனைகளையும் இப்போதே போட்டுவிடுங்கள். ரூட்டரை ஒரு பிற்பகலில் மாற்றிவிடலாம், உட்கூரைக்கு மேல் ஓடும் கேபிளை மாற்றுவது அவ்வளவு எளிதன்று. தீத்தடுப்புச் சுவரைத் துளைக்க வேண்டியிருந்தால் கட்டட நிர்வாகத்திடம் முன்னதாகவே பேசி, துளையை முறைப்படி அடைத்துவிட வேண்டும்.

இரண்டு பவர் சப்ளை உள்ள ரூட்டரை வாங்கி, இரண்டையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுகிறவர்களும் இருக்கிறார்கள்! அவற்றைத் தனித்தனி மின்சுற்றுகளில் இணைத்தால்தான் பயன் உண்டு. புதிய மின்சுற்று தேவைப்பட்டால் உரிமம் பெற்ற மின்பணியாளரையே அழையுங்கள். மாலையில் நிறுத்தப்படும் மத்தியக் குளிரூட்டலை நம்பி, கருவிகளை அடுக்கும் ரேக்கை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள்.

கேள்வி: ரூட்டர் இருந்தால் மிக்ஸர் தேவையில்லையா?
– வாசகி, யீஷூன்

பதில்: தேவைதான். எந்தப் படம் எங்கே செல்ல வேண்டும் என்பதை மட்டுமே ரூட்டர் தீர்மானிக்கும். ஒரு படத்தை இன்னொன்றில் கரைப்பதும் படத்தின் மேல் எழுத்துகளை இடுவதும் மிக்ஸரின் வேலை.