ஆண்புழு கிடைக்கவில்லையா?

கேள்வி: எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக சி. எலிகன்ஸ் என்ற நுண்ணிய உருளைப்புழு வளர்க்கிறேன். சீனியர் தந்த என்2 (ஆய்வகங்களில் வளர்க்கும் இயல்பு வகை) தட்டில் ஆண்புழுக்கள் இருந்தன. மூன்று முறை தட்டு மாற்றியதும் ஒன்றுகூட இல்லை. கலப்புக்கு ஆண் வேண்டும். 30 டிகிரியில் வைத்தால் புழு ஆணாக மாறிவிடுமாமே?

பதில்: மாறாது. முட்டையின் வெப்பத்தைப் பொறுத்து ஆணா பெண்ணா என்று முடிவாகும் ஆமைக் கதையை யாரோ புழுவுக்கும் பொருத்திச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 30 டிகிரி யோசனையில் விஷயம் இருக்கிறது.

இந்த இனத்தில் தனியாகப் பெண் கிடையாது, ஒய் குரோமோசோமும் கிடையாது. எக்ஸ் இரண்டு இருந்தால் இருபாலுயிரி, ஒன்றே இருந்தால் ஆண். இருபாலுயிரி முதலில் சுமார் 300 விந்தணுக்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு, பிறகு அண்டம் உண்டாக்கித் தானே கருவுறும். பிறப்பவையும் இரட்டை எக்ஸ்தான். விந்தணுவோ அண்டமோ உண்டாகும்போது எக்ஸ் பிரிவதில் தவறு நேர்ந்து ஆண் பிறப்பது ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு. தட்டு மாற்றும்போது ஆண்களைப் பார்த்து எடுத்து வைக்காவிட்டால் காணாமல்தான் போகும்.

பால் முடிவாவது கருவிலேயே. ஒற்றை எக்ஸ் என்றால் ஸோல்-1 மரபணு இயங்கும். அதன் தொடர்ச்சியாக ஹெர்-1 புரதம் செல்லுக்கு வெளியே சுரந்து, செல் மேற்பரப்பில் இருக்கும் டிரா-2 புரதத்தைக் கட்டிப்போடும். கடைசியில் ஆண் தன்மையைத் தடுக்கும் டிரா-1 புரதம் அடங்க, உடல் ஆணாகும். இரட்டை எக்ஸில் ஸோல்-1 அடங்கிக்கிடக்கும், டிரா-1 கை ஓங்கும். டிரா-2 பழுதான இரட்டை எக்ஸ் புழுகூட ஆண் சாயலில் வளரும். ஆனால் இணை சேராது, கலப்புக்கு உதவாது.

வெப்பம் செய்வது, எக்ஸ் பிரியும்போது நேரும் அந்தத் தவறைக் கூட்டுவதுதான். எல்4 பருவ (முதிர்வதற்கு முந்தைய கடைசி இளம்பருவம்) இருபாலுயிரிகளைத் தட்டுக்கு நாலைந்தாக ஐந்தாறு தட்டுகளில் விட்டு, 30 டிகிரியில் ஆறு மணி நேரம் வைத்து, 20 டிகிரிக்கு மாற்றுங்கள். நாலாம் நாள் குஞ்சுகளைத் தேடுங்கள். உடல் ஒல்லி, வால் நுனியில் விசிறி. மற்றவற்றுக்குச் சாட்டைபோல் கூர்வால். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு குழம்பாது.

கிடைத்த ஆண்களில் ஏழெட்டோடு இரண்டு மூன்று எல்4 இருபாலுயிரிகளைச் சேர்த்து விடுங்கள். புழுவுக்கு உணவான ஓபி50 பாக்டீரியாவைச் சின்னப் பொட்டாக மட்டும் வையுங்கள். பரப்பினால் ஒன்றையொன்று சந்திக்கவே நேரமாகும். குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி ஆண் என்றால் கலப்பு பலித்தது. ஒவ்வொரு தலைமுறையும் இதையே செய்ய வேண்டும், அலுப்புத்தான்.

ஹிம்-8 என்ற மரபணுப் பிறழ்வு வகையை வாங்கினால் மூன்றில் ஒன்றுக்கும் மேல் ஆணாகவே பிறக்கும். ஆனால் அந்தப் பிறழ்வும் உங்கள் கலப்புக்குள் நுழையும், பிறகு பிரித்தெடுக்கத் தனி வேலை. முதலில் வெப்ப வழியையே பாருங்கள்.