மிளகுத் திருடனைக் கட்டலாமா, சுடலாமா?

கேள்வி: ஏற்காட்டில் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். ராத்திரியில் மிளகு திருடுகிறார்கள். பிடித்துக் கட்டி வைக்கலாமா? லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது, சுடலாமா?

பதில்: சுடாதீர்கள். பிடிப்பதற்கும் வரம்பு உண்டு.

பொதுஜனம் கைது செய்ய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (கைது, விசாரணை நடைமுறைச் சட்டம்) 40-ஆம் பிரிவு இடம் தருகிறது. குற்றம் உங்கள் கண்முன் நடந்திருக்க வேண்டும். போலீஸ் வாரன்ட் இல்லாமல் பிடிக்கக்கூடியதாகவும், ஜாமீன் உரிமை இல்லாததாகவும் இருக்க வேண்டும். 5,000 ரூபாய்க்குக் குறைந்த சாதாரணத் திருட்டு, புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1 முதல் இதில் வராது. நாலு கிலோ பச்சை மிளகென்றால் சாக்கைப் பிடுங்கலாம், ஆளைப் பிடித்து வைக்க முடியாது. வேலி தாண்டியதற்காக மட்டும் பிடிக்கவும் முடியாது. குடோனுக்குள் திருடினால் தொகை பார்க்க வேண்டியதில்லை. தப்பி ஓடாமல் இருக்கத் தேவையான அளவுக்குத்தான் கட்டலாம். அடித்தால் வழக்கு உங்கள் மேல்.

'இருட்டினால் சுடலாம்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பொருளைக் காக்க உயிர் போகும் அளவுக்குப் பலம் பயன்படுத்த விலக்கு தரும் பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) 41-ஆம் பிரிவில் இருப்பது வேறு: சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டையோ, பொருள் வைக்கும் கட்டடத்தையோ உடைத்துப் புகுவது. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம் கட்டடம் ஆகாது. குடோன் பூட்டை உடைத்து உள்ளே நிற்பவனுக்கு இது பொருந்தும். அங்கும் தேவைக்கு மேல் பலம் கூடாது. அவன் வெளியே ஓடிவிட்டால் விலக்கு முடிந்தது. முதுகில் பாய்ந்த குண்டுக்குத் தற்காப்பு என்று சொல்லிப் பயனில்லை. கவ்வாத்துக் கத்தியோடு உங்கள் மேல் பாய்ந்தால் அது உயிர்த் தற்காப்பு, கணக்கே வேறு.

துப்பாக்கியைவிட நான் அஞ்சுவது ஸ்டேஷன் வாசல் புரோக்கரை. 'கேஸ் எதுக்கு? வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்து வாங்கி அபராதம் போட்டுடலாம்' என்பார். இரண்டு பக்கமும் கமிஷன் அவருக்கு. பணத்தை வாங்கிவிட்டால் மிரட்டிப் பறித்த குற்றவாளி நீங்கள், திருடன் புகார்தாரர். இந்தப் பேச்சில், பிடித்தவரை ஒப்படைக்க 40-ஆம் பிரிவு தரும் ஆறு மணி நேரமும் கரைந்துவிடும். அதற்குள் ஆளை போலீசிடம் ஒப்படைக்காவிட்டால் சட்டவிரோதமாக அடைத்து வைத்ததாகும்.

பிடித்த உடனே 112-க்குப் போன் செய்யுங்கள், நேரம் பதிவாகும். சாட்சி முன்னால் சாக்கை எடை போட்டு, எடையையும் அன்றைய விலையையும் புகாரில் எழுதுங்கள். 'காலையில வாங்க' என்று இன்னமும் திருப்பி அனுப்புகிறார்கள். மலைப்பாதையில் ராத்திரி ஆளைக் கொண்டுவந்தவரிடம் சொல்லும் பேச்சா இது? சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கு ஸ்டேஷன் தரும் சீட்டு) வாங்காமல் நகராதீர்கள். மறுத்தால் அதே புகாரைச் சேலம் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்; சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு அந்த வழியைத் தருகிறது.