எச்-இன்டெக்ஸ் 71-ஆ, 19-ஆ? புற்றுநோய் ஆய்வுக்குக் கைடு தேடும் மாணவருக்கு

புற்றுநோய் ஆராய்ச்சியில் பிஎச்.டி. செய்ய இரண்டு ஆய்வகங்களில் இடம் கிடைத்திருக்கிறது, ஒரு பேராசிரியரின் எச்-இன்டெக்ஸ் 71, இன்னொருவருடையது 19, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அப்பா கேட்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். நிறைய இருக்கிறது. அவசரப்பட்டு யாருக்கும் பதில் போட்டுவிடாதீர்கள்.

எச்-இன்டெக்ஸ் 71 என்றால், தலா 71 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவரிடம் 71 இருக்கின்றன, அவ்வளவுதான். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் முன்வைத்த கணக்கு இது. வருடம் போகப் போக ஏறும், ஆய்வகத்தையே மூடிவிட்டாலும் இறங்காது. அதனால் முப்பது வருடமாக எழுதுகிறவரையும் சில வருடங்களுக்கு முன் ஆய்வகம் தொடங்கியவரையும் இதை வைத்து ஒப்பிடுவது நியாயமே இல்லை. இன்னொன்று, பெரிய கிளினிக்கல் டிரையல், ஜீனோம் திட்டம் போன்றவற்றின் கட்டுரைகளில் நூறு பேர் பெயர்கூட இருக்கும். நடுவில் எங்கோ இருப்பவருக்கும் அந்த மேற்கோள் முழுசாகக் கணக்கில் சேரும்.

எனவே மருத்துவ, உயிரியல் கட்டுரைகளைத் தேடும் இணையத்தளமான பப்மெட்டைத் திறந்து, கடைசி ஐந்தாறு வருடக் கட்டுரைகளில் அவர் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். உயிரியல் கட்டுரைகளில் பெரும்பாலும் கடைசிப் பெயர்தான் ஆய்வகத் தலைவர், முதல் பெயர் சோதனைகளைச் செய்தவர். அவர் கடைசியாக நிற்கும் கட்டுரைகளில் முதலில் நிற்பது யார்? அவருடைய பிஎச்.டி. மாணவர்களா, இல்லை எப்போதும் போஸ்ட்டாக்குகள், அதாவது பிஎச்.டி. முடித்துவிட்டு வந்து வேலை செய்யும் ஆய்வாளர்கள்தானா? நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் பார்ப்பேன், ஏனென்றால் நாளைக்கு உங்கள் பெயர் வரவேண்டிய இடம் அது.

அப்புறம், எந்தக் கட்டுரை மேற்கோள்களை அள்ளியிருக்கிறது என்பதும் முக்கியம். ரிவ்யூ கட்டுரைகள், அதாவது ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்பவை, இயல்பாகவே அதிகம் வாங்கும். ஹனஹன், வைன்பர்க் என்ற புற்றுநோய் ஆய்வாளர்கள் 2000-ல் ‘செல்’ இதழில் புற்றுநோயின் அடையாளப் பண்புகள் பற்றி எழுதியதும் ரிவ்யூதான், ஒரு துறையே யோசிக்கும் விதத்தை அது மாற்றியது; ஆனால் எல்லா ரிவ்யூவும் அப்படி இல்லை. உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரைகளைக் கிட்டத்தட்ட எல்லோரும் முதல் பத்தியிலேயே மேற்கோள் காட்டுவார்கள், அந்த எண்ணிக்கையை ஒரு சோதனைக் கட்டுரையின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்க்கவே கூடாது.

அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது என்பதாலேயே ஒரு முடிவு சரியாகிவிடாது. கிளென் பெக்லியும் லீ எல்லிஸும் 2012-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது இந்தத் துறையையே உலுக்கியது: புற்றுநோய் ஆய்வில் முக்கியமாகக் கருதப்பட்ட 53 கட்டுரைகளை ஆம்ஜென் மருந்து நிறுவனத்தில் திரும்பச் செய்து பார்த்ததில் 6-ன் முடிவுகளைத்தான் உறுதிப்படுத்த முடிந்தது. உறுதியாகாத சிலவற்றை நம்பியே நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்திருந்தன. இந்த வேலையின் மறுமுனையில் நோயாளிகள் இருக்கிறார்கள், அதனால் இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. வெளிவந்த கட்டுரைகளைப் பற்றி மற்ற ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பும் பப்பியர் (PubPeer) தளத்தில் இரண்டு பேராசிரியர்களின் பெயரையும் ஒருமுறை தேடிவிடுங்கள். கேள்வி எழுப்பியிருக்கிறார்கள் என்பதற்காகவே பயப்பட வேண்டாம், அதற்கு அவர் எப்படிப் பதில் சொல்லியிருக்கிறார் என்று படியுங்கள்.

மறுபக்கமும் உண்டு. கோழிகளின் புற்றுக்கட்டி வைரஸால் பரவக்கூடும் என்பதை பெய்டன் ரௌஸ் 1911-லேயே காட்டினார், பல பத்தாண்டுகள் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, நோபல் கிடைத்தது 1966-ல். 19 உள்ளவரைச் சின்னவர் என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அவருடைய கேள்வி புதிதா, கட்டுரைகள் ஒன்றோடொன்று தொடர்ந்து வருகின்றனவா என்று படித்துப் பாருங்கள்.

71 உள்ளவரிடமே சேரக் கூடாது என்று சொல்லவில்லை. பெரிய ஆய்வகத்தில் கருவிகள், நிதி, தொடர்புகள் எல்லாம் கிடைக்கும். ஆனால் வாரம் ஒருமுறையாவது அவர் உங்கள் டேட்டாவைப் பார்ப்பாரா? இதை எந்தத் தளமும் சொல்லாது. இரண்டு ஆய்வகங்களிலும் முடித்து வெளியே போன மாணவர்களுக்கு மெயில் போடுங்கள். எத்தனை வருடத்தில் முடித்தீர்கள், முதல் கட்டுரை எப்போது வந்தது, சோதனை தோற்றபோது அவர் எப்படி நடந்துகொண்டார், பாதியில் விட்டுப்போனவர்கள் உண்டா என்று நேராகக் கேளுங்கள். வந்த பதில்களை அப்பாவிடமும் காட்டுங்கள், அதன்பிறகு இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.