வகுப்பறையில் மாணவர்கள் கையில் ஸ்மார்ட்போன் இருக்கலாமா?

"பாடப்புத்தகத்திலேயே க்யூஆர் கோடு அச்சடித்துக் கொடுத்துவிட்டு, போன் மட்டும் கொண்டு வராதே என்றால் என்ன நியாயம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். பாட வேளையில் மாணவர் கையில் போன் வேண்டாம், பையிலும் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

இந்த விவாதத்தில் எல்லோரும் நன்றாகப் படிக்கிற பிள்ளையை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். அந்தப் பிள்ளை போன் இருந்தாலும் படிக்கும், இல்லாவிட்டாலும் படிக்கும். எனக்குக் கவலை, பத்தாம் வகுப்பில் கணக்கில் தட்டுத்தடுமாறி பாஸாகி, இப்போது இயற்பியலில் வந்து மாட்டிக்கொண்டிருக்கும் பையனைப் பற்றித்தான். அவனுக்கு வீட்டில் சொல்லித்தர ஆளில்லை, டியூஷனுக்குக் காசில்லை. அவனுக்கென்று இருப்பது அந்த ஒரு பீரியட் மட்டும். இங்கிலாந்தில் 91 பள்ளிகளின் மதிப்பெண்களை வைத்து 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதைத்தான் காட்டியது. போனுக்குத் தடை போட்ட பிறகு பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் ஏறியது. முன்வரிசைக்காரர்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை. பின்னர் சுவீடனில் பார்த்தபோது அப்படி ஏற்றம் எதுவும் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களுக்கு நடக்கும் பீசா (PISA) தேர்வின்போது 2022இல், பணக்கார நாடுகளின் மாணவர்களில் சராசரியாக 59 சதவீதம் பேர், அடுத்தவர் போனோ லேப்டாப்போ பார்ப்பதால் சில கணக்கு வகுப்புகளிலாவது தங்கள் கவனம் சிதறுகிறது என்றார்கள். 'என் போன், என் இஷ்டம்' என்கிற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

கல்லூரிக்குப் போன என் பழைய மாணவர்கள் சொல்வார்கள்: "அங்க யாரும் நோட்ஸ் எழுதறதில்லை சார், பெல் அடிக்கறப்ப போர்டை ஒரு போட்டோ எடுத்துக்குவோம்." எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். லென்ஸ் சமன்பாடு நடத்தும்போது பொருளின் தூரத்துக்கு மைனஸ் போட்டு எழுதுவேன். பார்த்து எழுதிக்கொண்டே வரும் ஒரு பெண்ணின் பேனா அந்த வரியில் நின்றுவிடும். "ஃபார்முலாவிலயே ஒரு மைனஸ் இருக்கே சார், மறுபடி எதுக்கு இன்னொன்னு?" அந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைக்குப் பாடம் நடந்துவிட்டது என்று அர்த்தம். எந்தத் தூரத்துக்கு ப்ளஸ், எதற்கு மைனஸ் என்கிற குறி மரபை மறுபடி முதலிலிருந்து விளக்குவேன். கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கும் பத்துப் பேருக்கும் அது விளங்கும். கையால் எழுதியதால்தான் அவள் அந்த இடத்தில் நின்றாள். போட்டோ எடுத்திருந்தால் இரண்டு மைனஸும் பத்திரமாக கேலரியில் இருந்திருக்கும்.

போனே ஆகாது என்று சொல்கிற ஆளும் இல்லை நான். ஜெர்மனியில் ஆகன் பல்கலைக்கழகத்தார் ஃபைஃபாக்ஸ் என்று ஒரு செயலியை இலவசமாகத் தருகிறார்கள். போனுக்குள் இருக்கும் மைக், அசைவை அளக்கும் முடுக்கமானி எல்லாவற்றையும் ஆய்வகக் கருவியாக மாற்றிவிடும். என் போனையும் வேதியியல் ஆசிரியர் போனையும் வராந்தாவில் ஐந்து மீட்டர் இடைவெளியில் வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மாணவரை நிறுத்துவேன். இவர் கைதட்டினால் இரண்டு போனிலும் கடிகாரம் ஓடத் தொடங்கும், அவர் தட்டினால் இரண்டும் நிற்கும். இரண்டு நேரத்துக்கும் 0.03 வினாடி அளவில் வித்தியாசம் வரும். ஒலி அந்த ஐந்து மீட்டரைப் போகவும் வரவும் எடுத்துக்கொண்ட நேரம் அது. பத்து மீட்டரை அதால் வகுத்தால் வினாடிக்கு 330, 340 மீட்டர் என்று விடை வந்து நிற்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்! இத்தனைக்கும் தேவைப்பட்டது இரண்டே போன்கள், அதுவும் ஆசிரியர்களுடையவை.

க்யூஆர் கோடு விஷயமும் அப்படித்தான். அந்தக் கோடு திறக்கிற பாட வீடியோவை ஹைடெக் லேபில் திரையில் போட்டு, நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டு நடத்தலாம். ஆளுக்கொரு போனில் பார்க்க வைத்தால் வேறொரு சிக்கலும் வரும். வீட்டுக்கே ஒரு போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்கிற நிலைமை எங்கள் பிள்ளைகள் பலருக்கு இன்றும் உண்டு. 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அந்தப் பிள்ளைகள் பாடத்தை விட்டு எவ்வளவு தூரம் போனார்கள் என்று பார்த்தவர்கள் நாங்கள். வகுப்பிலும் அந்தப் பாகுபாடு வந்துவிடக் கூடாது.

தெரியாமல் போட்டோ எடுப்பது, அதை குரூப்பில் போடுவது பற்றி விளக்க வேண்டியதில்லை. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கே தெரியும்.

பெற்றோர் தரப்பில் ஒரு பயம் இருக்கிறது, அது உண்மையானது. கடைசி பஸ்ஸைப் பிடித்து இருட்டில் ஊர் திரும்பும் பிள்ளைக்கு போன் வேண்டும்தான். காலையில் அணைத்து, பெயர் ஒட்டி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மாலையில் வாங்கிக்கொள்ளட்டும். உடைந்தால், தொலைந்தால் யார் பொறுப்பு என்று பெற்றோர் கூட்டத்தில் முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தலைமையாசிரியர் தலையில்தான் விடியும். ஆசிரியர்களாகிய நாங்களும் வருகைப் பதிவைச் செயலியில் ஏற்றியதும் போனை மேசை டிராயருக்குள் போட்டுவிட வேண்டும். பிள்ளைகள் அதைக் கவனிக்கிறார்கள்.

போன் வேண்டும் என்று பள்ளியோடு சண்டை போடும் பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அதே வேகத்தோடு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்து, இயற்பியல் ஆய்வகத்துக்கு நான்கு போன்கள் வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். பூட்டி வைக்க அலமாரி எங்களிடம் இருக்கிறது.