திருகோணமலை மரங்கொத்திகள்: கேள்வி பதில்

நிலாவெளியிலிருந்து: எங்கள் வளவில் பட்டுப்போன தென்னையில் மரங்கொத்தி பொந்து குடைகிறது. மரத்தைக் கொன்றது அதுதானா? தறித்துவிடலாமா?

பதில்: இல்லை அக்கா, பச்சைத் தென்னையில் அது தட்டினால் எறும்பும் வண்டுப் புழுவும் தேடுகிறது என்று அர்த்தம். கூடு வைக்க அதற்கு, வெளிப்புறம் உறுதியும் உள்ளே உக்கலுமான மரம் வேண்டும். தலை முறிந்த தென்னை அதற்குத் தோதானது. மரத்தடியைப் பாருங்கள், வெளிர் நிறத்தில் புதுச் சிராய் சிதறிக் கிடந்தால் வேலை நடக்கிறது. வாசலுக்கு உள்ளே துளை கீழ்நோக்கி இறங்கி அறையாக விரியும். புல்லோ பஞ்சோ வைக்காது, வெறும் மரத்தின்மேல் இரண்டு மூன்று வெள்ளை முட்டைகள்தான். சுமார் 11 நாளில் பொரிக்கும், அப்புறம் 20 நாளளவில் குஞ்சுகள் வெளியேறும். அதுவரை தயவுசெய்து பொறுங்கள். வீட்டுப் பக்கம் விழாது என்றால் தறிக்கவே வேண்டாம்.

தம்பலகாமத்திலிருந்து: நான் பார்த்ததன் முதுகு மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. செம்மஞ்சள். நோயா?

பதில்: நோயில்லை தம்பி. நீங்கள் பார்த்தது நம் மாவட்டத்தின் பெரிய அதிசயம்! யாழ்ப்பாணப் பக்கம் இருப்பது பொன்முதுகு மரங்கொத்தி. தெற்கே போகப்போகச் செம்முதுகு. அது இலங்கையில் மட்டுமே உண்டு. புத்தளம், கெக்கிராவை, திருகோணமலைப் பக்கங்களில் இரண்டும் சந்தித்துக் கலக்கின்றன. அதனால்தான் இந்த இடைநிறம். முன்பு இரண்டையும் ஒரே இனத்தின் வகைகளாகவே கருதினார்கள். இறகின் நிறத்தோடு மரபணுவையும் ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வு, செம்முதுகு தனி இனம் என்பதற்கு வலுச்சேர்த்தது. அடுத்த முறை படம் எடுங்கள், இடமும் தேதியும் குறித்து வையுங்கள். இங்கே நிறம் ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று அறிய அந்தக் குறிப்பு உதவும்.

கிண்ணியாவிலிருந்து: சிவந்த முதுகு, தந்த நிற அலகு. இதுவும் செம்முதுகுதானா?

பதில்: அலகை நன்றாகப் பார்த்தீர்கள். செம்முதுகுக்கு அலகு கருமை. தந்த நிற அலகென்றால் அது உருவில் பெரிய இன்னொரு இனம். ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் அதிகம், நம் பக்கம் அரிது.

மூதூரிலிருந்து: பழைய பொந்தில் இப்போது மைனா இருக்கிறது. சண்டை பிடித்துத் துரத்தியிருக்குமா?

பதில்: சில வேளை அப்படியும் நடக்கும். ஆனால் கைவிட்ட பொந்துக்குக் குடிவருவதே வழமை. மைனாவும் கிளியும் தாமாக மரங்கொத்தியைப் போல மரத்தைக் குடையமாட்டா.

கந்தளாயிலிருந்து: காட்டுக்குள் போகாமல் எங்கே பார்க்கலாம்?

பதில்: குளத்தோரம் நீர் நின்று பட்ட மரங்கள் இருந்தால், காலையில் அங்கே போய் நில்லுங்கள். கனைப்பது போல ஒரு நீண்ட சத்தம் வரும். வந்த திசையில் அடிமரத்தைப் பாருங்கள், கொப்பை அல்ல.