நின்றது 2.3 செக்கன், போனது இருபது

போர்முலா 1 கார் ஓட்டத்தில் ரயர் மாற்ற நின்ற காருக்குத் திரையில் 2.3 செக்கன் என்று காட்டுகிறார்கள். கார் வெளியே வரும்போது ஆறேழு பேர் முந்திப் போய்விட்டார்களே, எப்படி அண்ணை? (கொக்குவில்)

திரையில் வருவது கார் அசையாமல் நின்ற நேரம் மட்டும்தான், தம்பி. பருத்தித்துறைக்குப் போகும் இ.போ.ச. பஸ் நெல்லியடியில் ஓர் ஆளை ஏற்ற நின்றால், பின்னால் வந்த மினிபஸ் எங்கே போயிருக்கும் என்று உமக்குத் தெரியும். ஏற்றிய நேரம் கொஞ்சம். ஓரங்கட்டி, திரும்ப வேகம் பிடிக்கத்தான் நேரம் போகிறது.

போர்முலா 1 இல் பிட் பாதையின் (ரயர் மாற்ற ஒதுங்கும் பக்கப் பாதை) வேக எல்லை வழக்கமாக மணிக்கு 80 கிலோமீற்றர், மொனாக்கோவில் 60. பாதை 400 மீற்றர் என்று வைப்போம். 80 இல் போக 18 செக்கன். வெளியே 250 இல் பறப்பவருக்கு அதே தூரம் 6 செக்கன்கூட இல்லை. 12 செக்கன் அங்கேயே போச்சு. நின்ற நேரம், பிரேக் பிடித்தது, மறுபடி வேகம் எடுத்தது எல்லாவற்றையும் கூட்டினால் இருபதுக்குக் கிட்ட வரும். 2023 இல் கட்டாரில் மக்லாரன் அணி 1.80 செக்கனில் நான்கு ரயரையும் மாற்றிச் சாதனை படைத்தது. அந்த வேகத்துக்கும் இந்தக் கணக்கில் மிச்சமாவது அரைச் செக்கன்தான்.

வீட்டில் இருந்தே கணக்குப் பார்க்க வழி உண்டா? (சாவகச்சேரி)

உண்டு. உள்ளே வந்த சுற்றையும் வெளியேறிய சுற்றையும் கூட்டி, இரண்டு சாதாரண சுற்றுகளைக் கழியுங்கள். 94.5 உம் 106 உம் சேர்ந்தால் 200.5. சாதாரண சுற்று 90 என்றால் இழப்பு 20.5.

ஒரு சுற்றை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். முடிவுக்கோடு பிட் பாதையையும் குறுக்கே வெட்டுகிறது. அணியின் இடம் கோட்டுக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்து நின்ற நேரம் ஏதோ ஒரு சுற்றில் விழும். 1998 இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் பெராரி அணியின் ஓட்டுநர் ஷூமாக்கர் தண்டனைக்காகக் கடைசிச் சுற்றில் உள்ளே வந்தார். பெராரியின் இடம் கோட்டைத் தாண்டி இருந்ததால், பிட் பாதைக்குள்ளேயே வென்றுவிட்டார்!

பல கார்களின் இழப்பை எடுத்தால் சராசரி வேண்டாம், நடுவில் வரும் எண்ணை எடுங்கள். ஒரு சில்லின் நட் இறுகிக் கழற்ற முடியாமல் போனாலே சராசரி கெட்டுவிடும். 2021 மொனாக்கோவில் மெர்சிடிஸ் ஓட்டுநர் பொட்டாஸின் காரில் ஒரு சில்லைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்த்தான் கழற்றினார்கள்.

பாதுகாப்புக் கார் வந்ததும் ஏன் எல்லோரும் உள்ளே ஓடுகிறார்கள்? (சுன்னாகம்)

விபத்து நடந்தால் வேகத்தைக் குறைக்க எல்லோருக்கும் முன்னால் விடும் கார் அது. அதன் பின்னால் வெளியே இருப்பவர்களும் ஊர்கிறார்கள். அதனால் இழப்பு ஏறக்குறைய பாதியாகும்.

அடிக்கடி நிற்பவர் தோற்கத்தானே வேண்டும்? (வட்டுக்கோட்டை)

அப்படியில்லை. 2004 பிரெஞ்சு ஓட்டத்தில் ஷூமாக்கர் நான்கு தடவை நின்றும் வென்றார். அப்போது எரிபொருள் நிரப்புவதும் இருந்தது. 2010 இல் தடை வந்தது. ஒரு தரிப்புக்கு 20 செக்கன், மிச்சம் 25 சுற்று என்றால், புது ரயரில் சுற்றுக்கு 0.8 செக்கனுக்கு மேல் மீதம் பிடிக்க வேண்டும். பிடிக்க முடிந்தால் நிற்கலாம். முன்னால் மெதுவான கார் ஒன்று வழிமறித்தால் மட்டும் இந்தக் கணக்கு சரிவராது.